பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கடன் எடுக்கலாமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யாருக்காவது லீசிங் கம்பனியிலிருந்து கடிதம் வந்தால், அல்லது யாராவது பழைய பைக் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டால், பின்னேரம் எங்கள் வாசலுக்கு வருவார்கள். நான் வங்கிக்காரன் இல்லை. கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன். கல்குலேட்டரை எடுத்து இரண்டு பெருக்கல் போட்டுக் காட்டுவதோடு என் உதவி முடிந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்பதை எழுதி வைத்தால் எனக்கும் தேநீர் ஆறாது என்று தோன்றியது, எழுதினேன். கீழே வருகிற விலை, வட்டி, வருமானம் எல்லாம் கணக்குக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்களிடம் சொன்ன எண்ணை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கடன் எடுத்துப் பழைய பைக் வாங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மார்கழியிலும் தவணை கட்ட முடியுமென்றால் வாங்கலாம்.

ஏன் மார்கழி? நம் ஊரில் காசு வருகிற மாதம் வேறு, காசு போகிற மாதம் வேறு. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கை நிறைய ஓட்டம். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதே கதைதான், வாடைக் காற்று கிளம்பினால் வள்ளம் கரையில் கிடக்கும். மேசன் வேலை, பெயின்ட் வேலை எல்லாம் ஐப்பசி மழையோடு படுத்துவிடும். தவணை மட்டும் மழை, வெயில் பார்க்காது. ஆடி மாதத்தில் கையில் இருக்கிற காசை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் கையெழுத்து வைக்கிறார்கள். என்னிடம் கடிதத்தோடு வருகிறவர்களில் அநேகம் பேர் தை மாதத்தில்தான் வருகிறார்கள்.

அந்த மார்கழிக் கணக்கை எப்படிப் போடுவது?

மீன் வியாபாரம் செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடிய முதல் கரையில் மீன் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி, தம்பலகாமம் பக்கம் கொண்டுபோய் விற்கிறார். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் ரியூசன், பெற்றோல் எல்லாம் போக நல்ல மாதத்தில் 25,000 ரூபாய் மிஞ்சுகிறது. மாரியில் 4,000 மிஞ்சினால் பெரிய விஷயம். தவணை 17,000.

நல்ல மாதம் எட்டு என்று வைத்தால், தவணை கட்டிய பிறகு மாதம் 8,000 வீதம் 64,000 கையில் நிற்கும். மோசமான மாதம் நான்கு. ஒவ்வொன்றிலும் 13,000 குறைகிறது, மொத்தம் 52,000. வருட முடிவில் 12,000 மிச்சம். அதற்குள்தான் டயர், செயின், எஞ்சின் ஒயில், வருட லைசன்ஸ், இன்சூரன்ஸ்.

இந்தக் கணக்கு தாங்கும். ஆனால் மயிரிழையில் தாங்கும். அதுவும் அந்த 8,000 ரூபாயை எட்டு மாதமும் தொடாமல் வைத்திருந்தால்தான். தொடாமல் வைக்கிற வழியை வருகிறவர்களிடம் கேட்பேன். "மனுசியிட்ட குடுத்து வைப்பன்" என்று சொல்கிறவர்களில் பலர் தப்பிவிடுகிறார்கள். "அது என்ட கையிலதான இருக்கும்" என்கிறவர்களுக்கு நான் கடன் வேண்டாம் என்றே சொல்வேன். தனியாக ஒரு வங்கிப் புத்தகம் திறந்து, நல்ல மாதத்திலேயே மூன்று தவணைக் காசைச் சேர்த்துவிட்டு அதன் பிறகு பைக் பார்க்கப் போவது இன்னும் நல்லது. மூன்று தவணையைச் சேர்க்கவே முடியவில்லை என்றால் இருபத்து நான்கு தவணை எப்படி?

பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் போகிற காசு மிஞ்சும்தானே? அதிலேயே தவணை கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். சரி, போட்டுப் பார்ப்போம்.

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். போய் வர 40. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிற பைக்குக்கு ஏறக்குறைய 21 லீற்றர் பெற்றோல் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 6,240. இப்போது பஸ்ஸுக்கும் இடைக்கிடை ஓட்டோவுக்குமாக ஒரு நாளைக்கு 350 ரூபாய் போகிறது என்றால் மாதம் 9,100. மிச்சம் 2,860 ரூபாய். இதில் ஒயில் மாற்றுகிற காசையும் கழியுங்கள். 17,000 ரூபாய்த் தவணைக்கு இது உப்புக்கும் காணாது.

இன்னொன்று, பெற்றோல் விலை உங்கள் கையில் இல்லை. 2022 ஜூனில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாய் வரை போனதையும், கியூ.ஆர். கோட் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் பைக் வைத்திருந்தவர்களும் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள்.

ஆகவே மிச்சம் பிடிப்பதற்காகக் கடனில் பைக் வாங்குவது கணக்கில் நிற்காது. நேரம் மிஞ்சும், அது உண்மை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்ற காலத்தை அனுபவித்தவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியும். ஆனால் மிஞ்சுகிற ஒன்றரை மணித்தியாலத்தைக் காசாக்குகிற வழி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் இரண்டு ரியூசன் வகுப்பு, ஏ.சி. திருத்துகிற ஒருவருக்கு இன்னுமொரு வீடு, சாப்பாட்டு டெலிவரி, இப்படி ஏதாவது. அந்த வருமானம் தவணையில் பாதியையாவது தாங்கினால் யோசிக்கலாம்.

கம்பனிக்காரர் 18 வீதம் என்கிறார். வங்கியிலும் அதே 18 வீதம்தான். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று நினைத்தேன்.

3 லட்சம் ரூபாய், 24 மாதம், வருடம் 18 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பிளட்' வட்டி என்றால், இரண்டு வருடத்துக்கும் முழு 3 லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். வருடம் 54,000, இரண்டு வருடத்துக்கு 108,000. மொத்தம் 408,000. அதை 24ஆல் பிரித்தால் மாதம் 17,000.

குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்றால், நீங்கள் கட்டக் கட்ட முதல், அதாவது வாங்கிய கடன் தொகை, குறையும், குறைந்த முதலுக்குத்தான் அடுத்த மாத வட்டி. அதே 18 வீதத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 14,980. மொத்த வட்டி 59,500க்குக் கிட்ட. இரண்டுக்கும் வித்தியாசம் 48,000 ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்கு இரண்டு டயரும் போட்டு எஞ்சின் வேலையும் பார்த்துவிடலாம்.

பிளட் 18 என்பதைக் குறைந்து செல்லும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் வருடம் 31 வீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே கவுன்டரில் உட்கார்ந்ததும் "எத்தனை வீதம்?" என்று கேட்காதீர்கள். "பிளட்டா, குறைந்து போகிற வட்டியா? மாதத் தவணை எவ்வளவு, எத்தனை தவணை, கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று கேட்டு, கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

இதே கணக்கில் இன்னொரு வலியும் இருக்கிறது. பன்னிரண்டு தவணை, அதாவது 204,000 ரூபாய் கட்டிய பிறகு "மீதியை ஒரேயடியாகக் கட்டி முடிக்கிறேன்" என்று போனால், பாதிக் கடன் 150,000தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். முதலில் கட்டுகிற தவணைகளில் வட்டிதான் அதிகம் போகிறது. முதல் இன்னும் 173,000 ரூபாய் அளவில் நிற்கும். அதற்கு மேல் முன்கூட்டி முடிப்பதற்கென்று ஒரு கட்டணமும் இருக்கலாம். கையெழுத்து வைக்க முதல் அதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கையில் 3 லட்சம் தருவதாகச் சொன்னார்கள், வந்தது குறைவாக இருக்கிறதே?

டொக்கியூமென்ட் சார்ஜ், வண்டி மதிப்பீட்டுக்கு ஒரு தொகை, இன்சூரன்ஸ், முத்திரை என்று முன்னாலேயே கழிப்பார்கள். வட்டி என்னவோ முழு 3 லட்சத்துக்கும்தான். கடன் காலம் முழுக்க ஃபுல் இன்சூரன்ஸ் போட வேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக இருக்கும். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸை விட அது எவ்வளவோ கூட. அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பிரித்துத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

24 மாதமா, 36 மாதமா, 48 மாதமா?

முடிந்த அளவு குறைவு. மேலே சொன்ன 3 லட்சத்தை 36 மாதத்துக்குப் போட்டால் தவணை 12,833 ஆக இறங்கும், வட்டி 162,000 ஆக ஏறும். தவணை சிறிதாகத் தெரிவதற்காகவே நீண்ட காலத்தைக் காட்டுவார்கள். ஏற்கெனவே எட்டு வருடம் ஓடிய பைக்குக்கு நாலு வருடக் கடன் எடுத்தால், கடைசி வருடத்தில் தவணையும் கட்ட வேண்டும், கராஜுக்கும் கட்ட வேண்டும். 24 மாதத் தவணை தாங்கவில்லை என்றால் அந்த விலைக்குரிய பைக் உங்களுக்கு இப்போது சரிவராது. கொஞ்சம் மலிவானதைப் பாருங்கள், அல்லது முற்பணத்தைக் கூட்டுங்கள்.

லீசிங், வங்கிக் கடன், நகை அடகு, சீட்டு, கை வட்டி. எது நல்லது?

ஆளைப் பொறுத்தது. நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன்.

சீட்டு நம்பிக்கையான ஆட்களோடு என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 20,000, கையில் வருவது 2 லட்சம். குலுக்கில் முதலாவதாக விழுந்தால் வட்டியில்லாக் கடன், கடைசியில் விழுந்தால் வட்டியில்லாச் சேமிப்பு. ஏலச் சீட்டில் தள்ளிக் கேட்டு எடுத்தால் அந்தத் தள்ளுபடிதான் உங்கள் வட்டி, அதையும் கணக்குப் பாருங்கள். சீட்டுப் பிடிக்கிறவர் யார் என்பதுதான் இதில் எல்லாமே.

நகை அடகு சின்னத் தொகைக்கு நல்லது என்பது என் எண்ணம். பிணையாள் தேவையில்லை, சம்பளச் சீட்டுத் தேவையில்லை, காசு வந்த அன்றைக்கே மீட்கலாம். வைத்திருந்த காலத்துக்குத்தான் வட்டி. பைக்கின் புக், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், முழுதாக உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் மீட்காமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். பவுன் விலை ஏறிய பிறகு அடகுக் காசு கூடக் கிடைக்கிறது என்று முழுவதையும் எடுக்காதீர்கள், தேவையானதை மட்டும் எடுங்கள். தாலிக்கொடியை வைத்து பைக் எடுத்த ஒரு வீட்டில் இரண்டு வருடமாக அந்த பைக்குக்குக் கழுவுத் தண்ணீர் கூடக் கிடைக்கவில்லை. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

நிரந்தரச் சம்பளம் இருந்தால், அதாவது அரசாங்க வேலை, அல்லது சீனக்குடாப் பக்கம் பெரிய ஆலைகளில் வேலை என்றால், சம்பளம் போகிற வங்கியிலேயே தனிநபர் கடன் கேட்டுப் பாருங்கள். லீசிங்கை விடக் குறைவாக முடிய வாய்ப்பு உண்டு. லீசிங்கின் வசதி என்னவென்றால் கெதியில் கிடைக்கும், வண்டியே ஈடு. வசதிக்கு விலை உண்டு, மேலே கணக்கில் பார்த்தோம். வண்டி மிகப் பழையது என்றால் அவர்கள் லீசிங் கொடுக்கவும் மாட்டார்கள்.

பெண்களின் குழுக் கடனை பைக்குக்குத் திருப்பாதீர்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், ஒருவர் தவறினால் மற்றவர்களின் முகத்தில் முழிக்க முடியாது. 2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால், அது எந்த அளவுக்குக் கழுத்தை நெரித்திருக்கும் என்று யோசியுங்கள். எடுப்பது ஆண், கட்டுவது பெண் என்பது வேறு.

கை வட்டி, 'நூற்றுக்குப் பத்து'. 1 லட்சத்துக்கு மாதம் 10,000 வட்டி. பத்து மாதம் கட்டினால் 1 லட்சம் கட்டியாகிவிட்டது, முதல் அப்படியே நிற்கிறது. நடந்தே போங்கள்.

நாங்கள் வட்டி எடுப்பதில்லை. எங்களுக்கு என்ன வழி?

கிண்ணியா, மூதூர் பக்கத்திலிருந்து வரும் கேள்வி. இஸ்லாமிய முறை வங்கியிலும் சில வங்கி, நிதிக் கம்பனிகளின் இஸ்லாமியப் பிரிவுகளிலும் இரண்டு வழி இருக்கிறது. முராபஹா என்றால் அவர்கள் வண்டியை வாங்கி, இலாபம் வைத்த விலையைச் சொல்லி, உங்களுக்குத் தவணைக்கு விற்பார்கள். இஜாரா என்றால் அவர்கள் வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தருவார்கள், முடிவில் உங்களுக்கு மாறும். மார்க்கம் பற்றிய சந்தேகத்தை மௌலவியிடம் கேளுங்கள், அது என் வேலையல்ல. கணக்கு மட்டும் என் வேலை. இங்கேயும் மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பீர்கள் என்று எழுதி எடுத்து மற்றதோடு ஒப்பிடுங்கள். பெயர் மாறியதால் தொகை குறைந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

'ஓபன் பேப்பர்' என்று சொல்லி விலை குறைத்துத் தருகிறார்கள். எடுக்கலாமா?

ஓபன் பேப்பர் என்றால், பதிவுச் சொந்தக்காரர் மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துத் தந்திருப்பார், வாங்குகிறவரின் பெயர் எழுதாமல் வெறுமையாகக் கிடக்கும். அந்தக் கடதாசியோடு வண்டி நாலைந்து கை மாறும். ஒருவரும் பெயர் மாற்ற மாட்டார்கள்.

நானே பட்டவன். 2014இல் நூறு சி.சி. பைக் ஒன்றை இப்படி எடுத்தேன். விற்றவர் இனிமையான மனிதர். "தம்பி, எப்ப வேணுமெண்டாலும் மாத்தலாம்" என்றார். ஒன்றரை வருடம் கழித்து மாற்றப் போனால் கையெழுத்தில் ஒரு பிழை, திரும்ப வாங்க வேண்டும். புக்கில் இருந்த ஆளோ அவருக்கும் முன்னால் இரண்டு கை தள்ளி. கட்டாரில் இருக்கிறாராம். அவர் லீவில் வரும் வரை பதினொரு மாதம் காத்திருந்தேன். அதற்கிடையில் விற்கவும் முடியவில்லை, அந்தப் புக்கை வைத்து ஒரு சதம் கடன் எடுக்கவும் முடியவில்லை.

சட்டப்படி வாங்கியவர் 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். விற்கிறவருக்கு எம்.டீ.ஏ. 6, வாங்குகிறவருக்கு எம்.டீ.ஏ. 8 என்று படிவங்கள் இருக்கின்றன. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள். விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறாத வண்டி எங்கேயாவது அடிபட்டால் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

புக்கில் என்ன பார்க்க வேண்டும்?

விற்கிறவரின் பெயரும் அடையாள அட்டையும் புக்கோடு ஒத்துப் போகிறதா? எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப் போகிறதா? நம்பரைச் சுற்றி உரஞ்சிய அடையாளம், புதுப் பெயின்ட் இருந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்து, முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனி ஒன்றின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வண்டிக்குப் பழைய கடன் இருந்திருக்கிறது. கட்டி முடித்ததற்கான கம்பனிக் கடிதத்தைக் கையில் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். "மிச்சத் தவணையை நீங்கள் கட்டிக்கொண்டு போங்கள்" என்கிற வாய் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் மோசம். காசு கட்டுவது நீங்கள், உரிமை வேறொருவருக்கு.

வருட லைசன்ஸ் எத்தனை வருடம் போடாமல் கிடக்கிறது, புகைப் பரிசோதனை எடுத்தார்களா என்றும் பாருங்கள். பாக்கி இருந்தால் விலையில் கழியுங்கள்.

உங்கள் சாரதி அனுமதிப் பத்திரத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் 100 சி.சி. வரைதான். 125, 150 ஓட்ட ஏ வேண்டும்.

வண்டியை எப்படிப் பார்ப்பது? எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது.

தெரிந்த ஒரு கராஜ்காரரைக் கூட்டிப் போய் அவருக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுங்கள். இந்த விஷயத்தில் அதைவிட நல்ல செலவு இல்லை. விற்கிறவர் சொல்கிற கராஜ் வேண்டாம்.

நீங்களாகவும் சிலதைப் பார்க்கலாம். போன உடனே எஞ்சினுக்குக் கிட்டக் கையை வையுங்கள். சுடச்சுட இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கியிருக்கிறார்கள், ஆறிய எஞ்சினை எழுப்புவது கஷ்டமாக இருக்கும். ஸ்டார்ட் பண்ணி முறுக்கும்போது நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, ரிங் வேலை காத்திருக்கிறது. மீற்றரை நம்பாதீர்கள், கால் வைக்கிற ரப்பரையும் பிரேக் பெடலையும் பாருங்கள். 20,000 ஓடியதாக மீற்றர் சொல்கிறது, பெடல் வழுவழு என்று தேய்ந்திருக்கிறது என்றால் பெடல் சொல்வதுதான் உண்மை. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் விட்டுப் பாருங்கள். தட்டை ரோட்டில் மறைந்திருக்கிற கிளச் அங்கே தன் குணத்தைக் காட்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். முதலாவது உப்புக் காற்று. கடற்கரையோரத்து வீட்டில் வெளியில் நின்ற பைக் மேலே பளபளவென்று இருக்கும். சீற்றைக் கழற்றி அடியில் பாருங்கள், டேங்கின் கீழ்ப்பக்கம், சைலன்சர் சேர்கிற இடம், ஸ்போக் கம்பி, பின் ஃபோர்க் வெல்டிங் எல்லாவற்றையும் போன் லைட் அடித்துப் பாருங்கள். மேல் துரு பரவாயில்லை. சாவியால் தட்டும்போது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் வேண்டாம்.

இரண்டாவது வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வீடு வாசல் தண்ணீருக்குள் நின்றது. தண்ணீருக்குள் நின்ற பைக்குகளும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். ஹெட்லைட் கூட்டுக்குள், சீற்றுக்கடியில், வயர் கட்டுகளுக்குள் மண் படிந்திருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஒயிலை எடுத்துப் பார்த்தால் பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நின்றது குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. நேரே கேளுங்கள், "அண்ணன், வெள்ளத்தில நிண்டதா?" என்று. முகத்தைப் பாருங்கள்.

பொறுத்திருந்தால் விலை இறங்குமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. புது பைக் வராததால் பழையவற்றின் விலை ஏறியது. ஐந்து வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றவர்கள் இருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியும் டொலர் விலையும் சேர்ந்து புதியது மலிவாக வரவில்லை. எனவே பழையதும் ஒரேயடியாக விழவில்லை. நாளைக்கு என்ன விலை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் கணக்கில் தெரிகிறது: கடனில் வாங்கிய பொருளின் விலை கடனை விட வேகமாக இறங்கினால், விற்றும் கடனை அடைக்க முடியாது. முற்பணம் எவ்வளவு கூடுதலாகப் போடுகிறீர்களோ அந்த அளவுக்கு இந்தப் பயம் குறையும். விலையில் பாதிக்குக் குறையாமல் கைக்காசு போடச் சொல்வது என் வழக்கம். "பாதி இருந்தா நான் ஏன் உங்களிட்ட வாறன்" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயம்தான். அவர் ஆறு மாதம் கழித்துப் பாதியோடு வந்தார்.

மச்சான் பைக் எடுக்கிறான், என்னைப் பிணை நிற்கச் சொல்கிறான். வெறும் கையெழுத்துத்தானே?

வெறும் கையெழுத்து என்று ஒன்று நிதிக் கம்பனியில் கிடையாது. அவன் கட்டாவிட்டால் நீங்கள் கட்டுவீர்கள் என்பதுதான் அந்தக் கையெழுத்து. கிரிப் என்று சொல்கிற கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் நீங்கள் பிணை நின்ற கடனும் பதிவாகும். நாளைக்கு நீங்கள் வீட்டுக்கு ஒரு கடன் கேட்டுப் போகும்போது மச்சானின் தவறிய தவணை உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

மறுக்க முடியாத உறவு என்றால் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, மேலே சொன்ன மார்கழிக் கணக்கை அவனோடு உட்கார்ந்து போடுங்கள். கணக்குக் காட்ட மறுக்கிறவனுக்குக் கையெழுத்தையும் மறுக்கலாம், அக்காவிடம் சொல்லக் காரணமும் கிடைக்கும். இரண்டு, உடன்படிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, தமிழில் இல்லாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசித்த பிறகு வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் மாதம் மாதம் அனுப்புவதாகச் சொல்கிறார்.

நல்ல அண்ணன். முதல் ஆறு மாதத்துக் காசை முன்னாலேயே அனுப்பச் சொல்லி முற்பணத்தில் சேர்த்துவிடுங்கள். மிச்சத் தவணை உங்கள் உழைப்பில் தாங்குகிற அளவில் இருக்கட்டும்.

இரண்டு தவணை தவறிவிட்டது. போன் எடுக்கவே பயமாக இருக்கிறது.

எடுங்கள். எடுக்காமல் விட்டால் நிலைமை கூடுமே தவிரக் குறையாது. தாமதக் கட்டணம் ஏறும், அப்புறம் வண்டியை சீஸ் பண்ணுகிற, அதாவது கடனுக்காகப் பிடித்துக்கொண்டு போகிற, ஆட்கள் வருவார்கள். பைக் போனால் கடனும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எடுத்த செலவு, நிறுத்தி வைத்த செலவு எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். ஏலத்தில் போன விலை கடனுக்குக் காணாவிட்டால் மிச்சத்தையும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

கையில் உள்ளதைக் கொண்டு நேரே கிளைக்குப் போங்கள். தவணைக் காலத்தை நீட்டி மாற்றித் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். தாங்காது என்று தெரிந்துவிட்டால், அவர்கள் எடுக்க முதல் கம்பனியின் சம்மதத்தோடு நீங்களே விற்பது நல்லது. ஏலத்தை விட நல்ல விலை கிடைக்கும். கம்பனி உடன்படிக்கையில் இல்லாததைச் செய்கிறது என்றால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தி இல்லாவிட்டால் மத்திய வங்கிக்கு எழுதலாம், அதற்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கட்டிய ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தால்தான் அங்கே பேச வாய் வரும். நீங்கள் காசு வாங்கிய நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்பதைக் கடன் எடுக்க முதலே பார்ப்பதும் இதற்காகத்தான்.

கடைசித் தவணை கட்டிவிட்டேன். இனி ஒன்றும் இல்லையே?

இருக்கிறது. கடன் முடிந்தது என்ற கடிதத்தையும் புக்கையும் கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள். புக்கில் இருக்கிற கம்பனியின் பெயரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீக்கி, வண்டி முழுதாக உங்கள் பெயருக்கு வர வேண்டும். பலர் கடிதத்தை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். மூன்று வருடம் கழித்து விற்கப் போகும்போது கடிதத்தைக் காணோம், கம்பனி வேறொரு கம்பனியோடு சேர்ந்துவிட்டது, பழைய கிளையும் இல்லை. கடைசிப் பற்றுச்சீட்டு கையில் கிடைக்கிற அன்றைக்கே ஒரு நாள் லீவு போட்டு இதை முடித்துவிடுங்கள். அந்தப் புக்கை வைத்து "மேலே கொஞ்சம் காசு தரட்டுமா" என்று கவுன்டரில் கேட்பார்கள். அதற்கும் மார்கழிக் கணக்குத்தான்.